டிரக்டரின் மூன்றாவது கை

டிரக்டரின் பின்பக்கம் கலப்பையைப் பிடித்திருக்கும் கைகள் மூன்று. கீழே இரண்டு, மேலே ஒன்று. கீழே உள்ள இரண்டும் தடித்த இரும்பு. பார்த்தவுடனேயே இவைதான் இழுக்கின்றன என்று விளங்கிவிடும். மேலே இருப்பது நடுவில் திருகி நீட்டவும் குறுக்கவும் கூடிய ஒற்றைக் கம்பி. இந்த மேல் கம்பி எதற்கு என்று உயர்தர தொழினுட்பப் பிரிவு மாணவர்களிடம் கேட்டால், பெரும்பாலும் வரும் பதில் ஒன்றுதான்: "கலப்பை பின்னுக்கு விழாமல் பிடிக்க, சேர்."

அரைவாசி சரி. கலப்பையைத் தூக்கிக்கொண்டு ரோட்டில் போகும்போது அது உண்மை. ஆனால் மண்ணில் இறங்கி உழத் தொடங்கியதும் அந்தக் கம்பி செய்யும் வேலை தலைகீழ். அப்போது அது இழுக்கவில்லை, தள்ளுகிறது. அந்தத் தள்ளலில் ஒரு மனிதனின் உயிர் தங்கியிருக்கிறது. இதை விளங்கிக்கொள்ள சுமார் நூறு வருடம் பின்னால் போக வேண்டும்.

இப்போது இதை எழுதக் காரணம் இருக்கிறது. எங்கள் மாணவர்கள் சிலர் யூடியூபில் அமெரிக்காக்காரர்களின் பழைய தோட்ட டிரக்டர் திருத்தும் வீடியோக்களை விடாமல் பார்க்கிறார்கள். 1960களில் வந்த, வீட்டு முற்றத்துப் புல் வெட்டவும் மரக்கறிப் பாத்தி உழவும் செய்த சின்ன டிரக்டர்கள். அவற்றின் பின்னால் கலப்பை தூக்கும் ஒரு லிப்டைப் புதிதாகப் பூட்டுகிறார்கள். அதைப் பார்த்துவிட்டு, செயற்றிட்டத்துக்கு இப்படி ஒன்று செய்வோமா என்று நம்மிடம் வந்தார்கள். நல்ல யோசனை. ஆனால் அவர்கள் கீறிக்கொண்டு வந்த படத்தில் கலப்பையை இழுக்கும் கொளுக்கி பின் அச்சுக்கு மேலே இருந்தது. "அதுதான் சேர் வெல்டிங் பிடிக்க லேசு" என்றார்கள். அந்தப் படத்தை வைத்துக்கொண்டே இந்த வரலாற்றைச் சொன்னோம். வகுப்பில் நேரம் போதவில்லை, மிச்சம் இங்கே.

குதிரையும் மாடும் இழுத்த காலத்தில் கலப்பை ஒரு சங்கிலியின் நுனியில் இருந்தது. டிரக்டர் வந்தபோதும் மனிதர்கள் அதையே தொடர்ந்தார்கள். மாட்டைக் கழற்றினார்கள், இயந்திரத்தைக் கொளுவினார்கள், பின்னால் அதே கலப்பை. ஹென்றி ஃபோர்ட் 1917இல் ஃபோர்ட்ஸன் என்ற டிரக்டரைச் சந்தைக்கு விட்டார். மலிவு, சிறியது, நிறை சுமார் 1,200 கிலோ. அமெரிக்காவில் 1928 வரை ஏழு இலட்சத்துக்கும் மேல் செய்தார்கள். சாதாரண விவசாயி கைக்கு எட்டிய முதல் டிரக்டர் என்று அதைச் சொல்லலாம்.

அதே ஃபோர்ட்ஸன் ஆளையும் கொன்றது. எப்படி என்பது தரம் 10 விஞ்ஞானத்தில் வரும் திருப்பம் என்ற பாடம்தான். எஞ்சின் பின் அச்சைச் சுழற்றுகிறது. அச்சு சில்லைச் சுழற்றப் பார்க்கிறது. நியூட்டனின் மூன்றாம் விதிப்படி, சில்லு முன்னுக்குச் சுழலும்போது டிரக்டரின் உடம்பு அதே அச்சைப் பொறுதியாக வைத்துக்கொண்டு எதிர்ப்பக்கம் சுழலப் பார்க்கும், அதாவது முன்பக்கம் மேலே எழும்பப் பார்க்கும். சாதாரண நேரத்தில் முன்பக்க நிறை அதை அடக்கி வைக்கும். கலப்பை ஒரு கல்லிலோ மர வேரிலோ சிக்கினால் டிரக்டர் முன்னுக்குப் போக முடியாது. சில்லும் மண்ணை இறுகப் பிடித்திருந்தால் அதுவும் சுழல முடியாது. எஞ்சினோ நிற்கவில்லை. மிச்சம் இருக்கும் ஒரே வழி, டிரக்டரின் உடம்பு சில்லைச் சுற்றி ஏறுவதுதான். ஓரிரு செக்கனில் முன்பக்கம் வானத்தைப் பார்க்கும். அடுத்த கணம் முழு இரும்பும் சாரதியின் மேல். கிளச்சை மிதிக்க யோசிக்கும் நேரம்கூடக் கிடைக்காது.

ஃபோர்ட்ஸனுக்குப் பிற்காலத்தில் பின் மட்கார்ட்டை நீளமாகப் பின்னுக்கு இழுத்துச் செய்தார்கள். அழகுக்கு அல்ல. டிரக்டர் எழும்பினால் அந்த மட்கார்ட்டின் நுனி நிலத்தில் முட்டி நிற்கட்டும் என்பதற்காக. நோய்க்கு மருந்து தேடாமல், விழும் இடத்தில் மெத்தை போட்ட மாதிரி.

நோய்க்கு மருந்து தேடியவர் ஹரி ஃபேர்கசன். 1884இல் அயர்லாந்தின் டவுன் மாவட்டத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். பண்ணை வேலை அவருக்குப் பிடிக்கவில்லை. பெல்பாஸ்ட் நகரில் மோட்டார் வேலை பழகினார். 1909 டிசம்பர் 31ஆம் திகதி, தானே செய்த விமானத்தில் சுமார் 130 யார் தூரம் பறந்தார். அயர்லாந்தில் விமானம் ஓட்டிய முதல் ஆள் அவர்தான். மண்ணை வெறுத்து வானத்துக்குப் போன மனிதர் கடைசியில் மண்ணுக்கே திரும்பி வந்தது நமக்கு எப்போதும் ரசனையான விடயம்.

முதலாம் உலகப் போர் நடந்த காலம். உணவுத் தட்டுப்பாடு. அயர்லாந்தின் விவசாயச் சபை 1917இல், அங்கிருந்த டிரக்டர்களை எப்படித் திறம்படப் பாவிப்பது என்று பார்க்கும் பொறுப்பை ஃபேர்கசனிடம் கொடுத்தது. அவரும் அவருடைய கராஜில் வேலை செய்த வில்லியம் சான்ட்ஸும் வயல் வயலாகப் போனார்கள். போன இடமெல்லாம் அவர்கள் கண்ட குறை ஒன்றுதான்: எல்லோரும் டிரக்டரைத் தனிப் பொருளாகவும் கலப்பையைத் தனிப் பொருளாகவும் பார்க்கிறார்கள். இரண்டும் ஒரே பொறி என்று யாரும் நினைக்கவில்லை.

அதே வருடம் அவர்கள் ஒரு சிறிய கலப்பையைச் செய்தார்கள். சில்லு இல்லை, பின்னால் இழுபடவும் இல்லை. ஃபோர்ட் மொடல் டி காரை டிரக்டராக மாற்றும் ஈரோஸ் என்ற ஒரு தொகுதி அப்போது விற்பனையில் இருந்தது. கலப்பை அதில் நேரடியாகப் பூட்டப்பட்டு, சாரதி தன் இருக்கையில் இருந்தபடி லீவரால் தூக்கக் கூடியதாக இருந்தது. மலிவான ஃபோர்ட்ஸன் வந்ததும் ஈரோஸ் சந்தையில் நிற்கவில்லை, கலப்பையும் அதோடு போனது. ஃபேர்கசன் சளைக்காமல் ஃபோர்ட்ஸனுக்கே ஒரு பூட்டைச் செய்யத் தொடங்கினார். இம்முறை இரண்டு கம்பிகள், ஒன்றின் மேல் ஒன்று. இங்கேதான் அந்த மேல் கம்பி வரலாற்றுக்குள் நுழைகிறது.

மாணவர்களுக்கு இதை நாம் ஒரு கதிரையை வைத்துக் காட்டுவோம். கதிரையின் கால்களை அடியில் பிடித்து முன்னுக்கு இழுங்கள், அதே நேரம் இன்னொருவர் பின்னால் கால் நுனியைத் தடுத்துப் பிடிக்கட்டும். கதிரையின் முதுகு என்ன செய்யும்? முன்னுக்குச் சாயும். மண்ணில் இறங்கிய கலப்பையும் இதே மாதிரிதான். மண் கீழே தடுக்கிறது, கீழ்க் கைகள் இழுக்கின்றன, கலப்பையின் தலை டிரக்டரை நோக்கிச் சாய்கிறது. அந்தத் தலையில் மேல் கம்பியைப் பூட்டினால், அது டிரக்டரை முன்னுக்குத் தள்ளும். தள்ளும் இடம் பின் அச்சுக்கு மேலே. அச்சுக்கு மேலே முன்னுக்குத் தள்ளினால் முன்பக்கம் கீழே அமரும். மண் எவ்வளவு கடினமோ அவ்வளவு பலமாகத் தள்ளும், அவ்வளவு பலமாக முன்சில்லு நிலத்தில் அமரும். டிரக்டரைக் கவிழ்க்க வந்த அதே விசையைக் கொண்டே டிரக்டரைக் கவிழாமல் பிடித்தார் மனிதர்.

இரண்டாவது பிரச்சினை ஆழம். கலப்பைக்குச் சில்லு இல்லை என்றால் எவ்வளவு ஆழம் போகிறது என்பதை யார் பார்ப்பது? அவர் 1925இல் விண்ணப்பித்த காப்புரிமை இதைப் பற்றியதுதான். கலப்பை ஆழமாகப் போனால் இழுக்கும் பாரம் கூடும். பாரம் கூடினால் மேல் கம்பியின் தள்ளல் கூடும். அந்தத் தள்ளலையே ஒரு சமிக்ஞையாக எடுத்து லிப்டுக்குச் சொன்னால், லிப்ட் கலப்பையைக் கொஞ்சம் உயர்த்தும், பாரம் குறைந்ததும் திரும்ப இறக்கும். பிற்கால டிரக்டர்களில் மேல் கம்பி போய்ப் பூட்டும் இடத்துக்கு உள்ளே ஒரு தடித்த சுருள் வில் இருக்கும். தள்ளல் கூடினால் வில் அமுங்கும், அது நீரியல் பம்பின் வால்வை அசைக்கும், ஒயிலின் அமுக்கம் லிப்ட் கைகளை ஒரு விரல் அளவு தூக்கும். கணினி இல்லை, மின்சாரம் இல்லை, ஒரு வில்லும் ஒரு வால்வும். இன்று பாடப்புத்தகத்தில் பின்னூட்டக் கட்டுப்பாடு என்று ஒரு தலைப்பு இருக்கிறதே, அதற்கு இதைவிட நல்ல உதாரணம் எங்களுக்குக் கிடைக்கவில்லை.

இதில் இன்னொரு நன்மையும் ஒளிந்திருக்கிறது. லிப்ட் கலப்பையைச் சற்று ஏந்திப் பிடிக்கும்போது கலப்பையின் நிறையும் மண்ணின் கீழ்நோக்கிய இழுவையும் பின்சில்லின் மேல் வந்து விழுகின்றன. சில்லு வழுக்காது. அதுவரை இழுவை வேண்டும் என்றால் டிரக்டரைப் பாரமாகச் செய் என்பதுதான் விதி. ஃபேர்கசன் பாரத்தைத் தேவைப்படும்போது மட்டும் இரவல் வாங்கினார்.

அவரும் அவருடைய ஆட்களும் 1933இல் ஒரு மாதிரி டிரக்டரைச் செய்து கறுப்புப் பெயின்ட் அடித்தார்கள். அது இன்றும் லண்டன் விஞ்ஞான நூதனசாலையின் சேகரிப்பில் இருக்கிறது. 1936இல் இங்கிலாந்தின் டேவிட் பிரவுண் கம்பனியோடு சேர்ந்து விற்பனைக்கு விட்டார்கள். விலை 224 பவுண், ஒவ்வொரு கருவிக்கும் தனியாக 26 பவுண். ஃபோர்ட்ஸனைவிட விலை கூட. சுமார் 1,350 மட்டும்தான் செய்யப்பட்டன. பங்காளிகளுக்குள் மனக்கசப்பும் வந்தது. பிரவுண் பெரிய டிரக்டர் வேண்டும் என்றார், ஃபேர்கசன் சிறியது போதும் என்றார்.

1938 ஒக்டோபரில் ஃபேர்கசன் ஒரு டிரக்டரைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு அமெரிக்கா போய் ஹென்றி ஃபோர்ட்டின் டியர்போர்ன் பண்ணையில் உழுது காட்டினார். உழுது முடிந்ததும் ஒரு மேசையைப் போட்டு, சாவி கொடுத்தால் ஓடும் ஒரு விளையாட்டு டிரக்டரை எடுத்து வைத்து மேல் கம்பியின் கணக்கை விளக்கினாராம். எழுபத்தைந்து வயதுக் கோடீஸ்வரருக்கு விளையாட்டுச் சாமானை வைத்துப் பாடம் எடுத்திருக்கிறார். கற்பித்தல் துணைச் சாதனம் என்று கலாசாலையில் எங்களுக்கு எவ்வளவோ சொல்லித் தந்தார்கள், இந்தக் கதையை ஒருவரும் சொல்லவில்லை.

ஃபோர்ட் அந்த இடத்திலேயே இணங்கினார். ஃபோர்ட் டிரக்டரைச் செய்வார், ஃபேர்கசன் விற்பார். எழுத்து இல்லை, கையொப்பம் இல்லை, கை கொடுத்தார்கள், அவ்வளவுதான். 1939 ஜூன் 29ஆம் திகதி ஃபோர்ட் 9என் வெளியானது, விலை 585 டொலர். அன்று எட்டு வயதுப் பையன் ஒருவனை ஏற்றி உழ வைத்துக் காட்டினார்கள். விளம்பரத்துக்கு நல்லது. ஆனால் ஆசிரியர்களாகிய நமக்கு அந்தப் படத்தைப் பார்க்கப் பயமாகத்தான் இருக்கிறது. மெசின் மட்கார்ட்டில் பிள்ளையை இருத்திக்கொண்டு வயலுக்குப் போகும் வாப்பாமார் எங்கள் ஊரிலும் இருக்கிறார்கள்.

9என், அதற்குப் பின் 2என், இரண்டும் சேர்த்து 1947 வரை மூன்று இலட்சத்துக்கும் மேல் செய்யப்பட்டன. அந்த வருடம் கை கொடுத்த ஹென்றி ஃபோர்ட் இறந்தார். பேரன் ஏற்கெனவே கம்பனியைப் பொறுப்பெடுத்திருந்தார். டிரக்டரில் நட்டம் என்று சொல்லி ஒப்பந்தத்தை முறித்தார். அதே லிப்டை வைத்துக்கொண்டே 8என் என்ற புது மொடலைத் தனக்கென்று ஒரு விற்பனைக் கம்பனி மூலம் விட்டார். ஃபேர்கசன் 251 மில்லியன் டொலர் கேட்டு வழக்குப் போட்டார். நான்கு வருடம் இழுபட்டு, 1952 ஏப்ரலில் 9.25 மில்லியன் டொலரோடு முடிந்தது. ஃபோர்ட் கம்பனி தன் நீரியல் அமைப்பையும் மாற்ற வேண்டி வந்தது. வெற்றி என்று ஃபேர்கசன் சொல்லிக்கொண்டார். நமக்கு அப்படித் தெரியவில்லை. கேட்டதில் நாலு சதவீதம்கூட இல்லை, அதற்கிடையில் 8என் இலட்சக்கணக்கில் விற்றுப்போனது. ஒரு கடதாசித் துண்டு இருந்திருந்தால் கதை வேறு.

அவர் அதற்குள் இங்கிலாந்தில் வேறு வழி பார்த்திருந்தார். கொவன்ட்ரி நகரின் பேனர் லேன் தொழிற்சாலையில் ஸ்டாண்டர்ட் மோட்டார் கம்பனி 1946இலிருந்து 1956 வரை அவருக்காக டி.ஈ.20 என்ற சாம்பல் நிற டிரக்டரைச் செய்தது, மொத்தம் 517,651. எட்மண்ட் ஹிலரி 1958 ஜனவரி 4ஆம் திகதி தென் துருவத்தை அடைந்தது இந்தச் சாம்பல் டிரக்டர்கள் மூன்றில்தான். எவரெஸ்ட்டைப் படிப்பிக்கிறோம், இதைப் படிப்பிப்பதில்லை.

1953இல் ஃபேர்கசன் தன் கம்பனியைக் கனடாவின் மெஸி ஹரிஸ் கம்பனியோடு சேர்த்தார். விலையில் ஒரு மில்லியன் டொலர் இழுபறி வந்தபோது நாணயம் சுண்டித் தீர்த்தார்களாம், ஃபேர்கசன் தோற்றார். 1958இல் பெயர் மெஸி ஃபேர்கசன் ஆனது. இப்போது எல்லோருக்கும் விளங்கியிருக்கும். எங்கள் பகுதி வயல்களில் சிவப்பும் சாம்பலுமாக இன்னும் ஓடித்திரியும் மெஸி 35, 135 எல்லாம் இந்தக் குடும்பத்துப் பிள்ளைகள். சென்னையில் 1960இல் தொடங்கிய டாஃபே கம்பனியும் மெஸி ஃபேர்கசனோடு கைகோர்த்துத்தான் ஆரம்பமானது. அதனால் நம் ஊர் டாஃபேயின் பின்னாலும் அதே மூன்று கைகள். இரு சக்கர மெசினை நாம் எல்லோரும் லேண்ட்மாஸ்டர் என்கிறோமே, அதுவும் ஒரு பிரித்தானியக் கம்பனியின் பெயர்தான். ஆனால் அது வேறு கதை, அதற்கு லிப்ட் கிடையாது.

இனி தோட்ட டிரக்டருக்கு வருவோம். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அமெரிக்காவில் நகரங்களைச் சுற்றிப் புது வீடுகள் பெருகின. ஒவ்வொரு வீட்டுக்கும் கொஞ்சம் நிலம், அதில் புல், பின்னால் ஒரு மரக்கறித் தோட்டம். இந்த வீட்டுக்காரருக்கு 9என் பெரிது, கையால் தள்ளும் மெசின் சிறிது. இண்டியானா மாநிலத்தின் சவுத் பென்ட்டில் 1946இல் ஒரு தகப்பனும் மகனும் தொடங்கிய வீல் ஹோர்ஸ் இந்த இடைவெளியைப் பிடித்தது. 1961இல் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் 7 குதிரைவலுக் கோலர் எஞ்சினோடு கப் கடெட்டை விட்டது. 1963இல் ஜோன் டியர் 110 வந்தது. நம் மாணவர்கள் வீடியோவில் பார்ப்பது இவற்றைத்தான். அறுபது வருடமாகியும் ஓடுகின்றன, வார்ப்பிரும்பின் மகிமை.

இந்தச் சின்னதுகளில் நீரியல் லிப்ட் ஆரம்பத்தில் இல்லை. இருக்கைக்குப் பக்கத்தில் நீண்ட லீவர், அதன் தலையில் ஒரு பொத்தான். பொத்தானை அமுக்கி லீவரை இழுத்தால் வயிற்றுக்குக் கீழே இருக்கும் புல்வெட்டி மேலே வரும். அதே லீவரிலிருந்து பின்னுக்கு ஒரு கம்பி ஓடவிட்டு, பின்னால் கலப்பை தூக்கும் சட்டத்தில் பூட்டினார்கள். தொழிற்சாலையே இதைத் தனித் தொகுதியாக விற்றது. 1839இல் கென்டக்கி மாநிலத்தில் கலப்பை செய்யத் தொடங்கிய பிரின்லி கம்பனி, தோட்ட டிரக்டருக்கென்றே 10 அங்குலக் கலப்பை செய்தது. அதன் பூட்டில் மூன்று கை இல்லை. ஒரு குழாய், அதற்குள் ஒரு பின், மேலும் கீழும் அசையும் ஒரு சட்டம். மேல் கம்பியின் வேலை முழுவதையும் அந்தச் சட்டத்தின் விறைப்பே செய்தது. பாரம் குறைவு என்பதால் தாங்கியது. பிற்பாடு மூன்று கையே சுருங்கி வந்தது. அதன் பின்னின் தடிப்பு 5/8 அங்குலம், இதை வகை 0 என்பார்கள். நம் மெஸி 135 இருப்பது வகை 1. கீழ்ப் பின் 7/8, மேல் பின் 3/4 அங்குலம்.

இன்று பழைய கப் கடெட் ஒன்றை வாங்குபவருக்கு அந்தத் தொழிற்சாலைத் தொகுதி லேசில் கிடைக்காது. எனவே தானே செய்கிறார். லீவரை விட்டுவிட்டு 12 வோல்ட் மின் தண்டு ஒன்றைப் பூட்டுகிறார். சுவிச்சைத் தட்டினால் தண்டு நீளும், மறுபக்கம் தட்டினால் குறுகும். எங்கள் மாணவர்களின் யோசனையும் இதுதான். அதற்கு நாம் கரும்பலகையில் போட்ட கணக்கை இங்கேயும் தருகிறோம்.

கருவியின் நிறை 40 கிலோ என்று வைப்போம். விசை சுமார் 400 நியூட்டன். பாரம் சட்டத்தின் பொறுதியிலிருந்து 60 சென்ரிமீற்றர் பின்னால். மின் தண்டைப் பூட்ட இடம் இருப்பது 15 சென்ரிமீற்றரில். நெம்பு விதிப்படி தண்டு கொடுக்க வேண்டியது 1,600 நியூட்டன். உராய்வு இருக்கிறது, கலப்பையில் ஒட்டிய ஈர மண் இருக்கிறது, அதனால் இரண்டு மடங்காவது தாங்கும் தண்டை எடுக்க வேண்டும். கருவி 20 சென்ரிமீற்றர் எழும்ப வேண்டும் என்றால் தண்டு 5 சென்ரிமீற்றர் நகர்ந்தால் போதும். விசையில் நாலு மடங்கு கொடுத்தோம், தூரத்தில் நாலில் ஒன்று எடுத்தோம். இரண்டு பக்கமும் பெருக்கிப் பாருங்கள், 80 யூல்தான். கணக்குப் பாடத்தில் தூங்கும் பிள்ளைகூட இதற்கு விழித்திருந்தான்.

வீடியோக்களில் அதிகம் காட்டாத ஒரு விடயம், தண்டையும் சட்டத்தையும் விறைப்பாக இணைக்கக் கூடாது. மின் தண்டு நின்ற இடத்தில் இறுகி நிற்கும். கலப்பையோ மேடு பள்ளத்துக்கு ஏற்ப மேலும் கீழும் மிதக்க வேண்டும். விறைப்பாகப் பூட்டினால் பள்ளம் வரும்போது கலப்பை தொங்கும். மேடு வரும்போது கலப்பை விலக முடியாமல் டிரக்டரின் பின்சில்லையே நிலத்திலிருந்து கிளப்பும், அல்லது தண்டு வளையும். ஒரு துண்டுச் சங்கிலியால் இணைத்தால் போதும், இல்லையென்றால் பின் ஓடக்கூடிய நீளமான துளை. தூக்கும்போது சங்கிலி இறுகும், உழும்போது தளரும். ஃபேர்கசனின் நீரியல் லிப்டும் இப்படித்தான், தூக்க மட்டும் தெரியும், கீழே அமுக்கத் தெரியாது. இறங்குவது தன் பாரத்தில். நம் ஊர் மெஸியில் லீவரை இறக்கிவிட்டு லிப்ட் கையைக் கையால் தூக்கிப் பாருங்கள், பாரமாக இருந்தாலும் மேலே வரும். இறக்கிவிட்டது என்று சொல்லி அதன் கீழே கை வைக்காதீர்கள், எஞ்சின் ஓடும்போது கிட்டவும் போகாதீர்கள்.

பழைய தோட்ட டிரக்டர்களின் பின் கியர்பொக்ஸ் வார்ப்பிரும்பு. அதில் நேரடியாக வெல்டிங் பிடித்தால் சூட்டில் வெடிப்பு விழும். தொழிற்சாலை விட்ட போல்ட் துளைகள் அங்கேயே இருக்கின்றன. ஒரு தகட்டை அந்தத் துளைகளில் போல்ட்டால் இறுக்கி, சட்டத்தை அந்தத் தகட்டில் வெல்டிங் பிடிக்கலாம். கப் கடெட் போன்றவற்றில் ஸ்டாட்டரும் ஜெனரேட்டரும் ஒரே பெல்ட்டில் ஓடும் ஒரே பொருள், மின்சாரம் தாராளமாக வராது. மின் தண்டுக்கு நல்ல பற்றரியும், வயர் வழியில் ஒரு பியூஸும் இருக்க வேண்டும்.

கடைசியாக, அந்தப் படத்தில் பிழையாக இருந்த இடம். இழுக்கும் புள்ளி பின் அச்சின் நடுவுக்குக் கீழே இருக்க வேண்டும், எவ்வளவு தாழ்வோ அவ்வளவு நல்லது. மேலே கொளுவினால் ஃபோர்ட்ஸன் கதைதான். இழுவை விசையே டிரக்டரைப் பின்னுக்கு மல்லாத்தும் திருப்பமாக மாறிவிடும். தோட்ட டிரக்டரின் நிறை குறைவு, முன்பக்கம் இன்னும் லேசு. அதனால் முன்னால் இரும்பு நிறைகள் போடுவார்கள். மாணவர்கள் படத்தை மாற்றிக் கீறிக்கொண்டு வந்தார்கள். கொளுக்கி இப்போது கீழே, மேலே தள்ளுவதற்கு ஒரு கம்பி. வேலை இன்னும் தொடங்கவில்லை, இரும்பின் விலையைக் கேட்டுவிட்டு எல்லோரும் யோசிக்கிறோம்.

ஊர்க்காரர்களிடம் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. மாரி காலத்தில் சேற்றில் இறுகிய மெசினையோ நெல் ஏற்றிய பெட்டியையோ இழுக்க, இன்னொரு மெசினைக் கொண்டுவந்து, சங்கிலியை மேல் கம்பி பூட்டும் காதிலேயே கொளுவுவதை நாங்கள் கண்ணால் கண்டிருக்கிறோம். கைக்கு எட்டும் உயரத்தில் இருக்கிறது, குனியத் தேவையில்லை, அதுதான் காரணம். அந்தக் காது தள்ளலைத் தாங்கச் செய்யப்பட்ட இடம். அதில் பின்னுக்கு இழுத்தால் முன்பக்கம் எழும்பும். சங்கிலியைக் கீழே இழுவைச் சட்டத்தில் கொளுவுங்கள். சேற்றில் சில்லு இறுகி முன்னுக்கு வராவிட்டால், பிடித்து முறுக்காமல் பின்னோக்கி எடுக்கப் பாருங்கள். பின்கியரில் முன்பக்கம் எழும்பாது. சில்லுக்கு முன்னால் மரக்கட்டையைக் கட்டி ஏற்றும் பழக்கமும் நம்மிடம் இருக்கிறது, அதையும் விட்டுவிடுங்கள். சுழல முடியாத சில்லுதான் டிரக்டரை மல்லாத்துவது.

மெஸி 135 இருக்கையின் வலப்பக்கத்தில் இரண்டு லீவர் இருக்கும். ஒன்று உயரத்துக்கு, மற்றது நாம் மேலே சொன்ன இழுவைக் கட்டுப்பாட்டுக்கு. நாம் கேட்டுப் பார்த்த சாரதிமார் பலர் முதலாவதை மட்டுமே தொடுகிறார்கள், மற்றது பல மெசின்களில் துருப்பிடித்து இறுகிப் போயிருக்கிறது. மேல் கம்பிக்குப் பின்னால் இருக்கும் வில் இன்னும் ஒழுங்காக வேலை செய்யும் பழைய 35 அல்லது 135 யாரிடமாவது இருந்தால் எங்களுக்குச் சொல்லுங்கள். பத்துப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஒரு சனிக்கிழமை காலையில் வருவோம். அரை மணித்தியாலம் உழுது காட்டினால் போதும், டீசல் செலவு எங்களுடையது.